விலைப்புள்ளி

மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்றார்கள்.
சிம்பாங் அம்பாட்டில் ஒன்று கிடைத்தது.
பட்டர்வொர்த் தௌக்கே இரண்டாவதைக்
கோழிச் சோறு கட்டின தாளின் பின்பக்கம் எழுதித் தந்தார்.
முத்திரை இல்லாமல் செல்லாதாம்,
மறுபடி ஓடினேன்.
மூன்றாவது ஈப்போவிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது, படத்தோடு:
நூறு லிட்டர் பாலைச் சுடவைத்து ஆறவைக்கும்
எவர்சில்வர் பானை, பின்னால் வயர் தொங்கும் பானை,
முப்பத்தெட்டாயிரம் ரிங்கிட்.
கோமளாதேவி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்,
எங்காவது ஒரு சைபர் உதிர்ந்துவிடும் என்பதுபோல.

பாரத்தில் ஏழாவது கேள்வி:
உங்கள் புதிய தொழில்
இப்போதைய தொழிலிலிருந்து எப்படி வேறுபடுகிறது?
பால் விற்கிறேன். இனித் தயிரும் விற்பேன்.
எனக்குத் தெரிந்த வேறுபாடு இவ்வளவுதான்.
அவர்களோ பதினைந்து கோடு விட்டிருந்தார்கள்.
மகன் யுகேந்திரன் மலாயில் நிரப்பினான்,
ஏற்றுமதி வரைக்கும் போனான்.
படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.
யாரோ பெரிய புள்ளி மாதிரி இருந்தது.
இந்த ஆளுக்கு எதற்கடா மானியம் என்றேன்.
எட்டாவது கேள்வி, மாத வருமானம்.
அதில் என்னை மறுபடி ஏழையாக்கிவிட்டான்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது.
பாதி தருகிறோம்.
முதலில் முழுப் பணத்தையும் நீங்கள் கட்டுங்கள்,
ரசீதைக் காட்டுங்கள், தொண்ணூறு நாளில் கணக்கில் ஏறும்.
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்று
தொடங்கிய கோமளா
மீதியைச் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பேங்கில் நிலத்தைக் கேட்டார்கள்.
நிபோங் திபாலில் எங்கள் கொட்டகை நிற்பது
வருஷா வருஷம் புதுப்பிக்கிற லைசென்ஸில்.
அந்த இளைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அங்கிள், இது காகிதம், நிலம் இல்லையே என்றார்.
மரியாதையாகத்தான் சொன்னார்.

குலிமிலிருந்து புரோக்கர் லாரியோடு வந்தார்.
பதினான்கில் நான்கைப் பிரித்து நிறுத்தினேன்.
நெற்றியில் ஒன்று, விலாவில் ஆறு,
புள்ளி என்றே கூப்பிடுவோம் அவளை.
பல்லைப் பார்த்தார், மடியைத் தட்டினார்,
ஐயாயிரத்து எண்ணூறு என்றார்.
அந்த விலைப்புள்ளிக்கு யாரும் முத்திரை கேட்கவில்லை.
லாரியில் ஏறியும் அசைபோட்டுக்கொண்டே நின்றாள்.
குறைந்த பணத்துக்குச் சீட்டைத் தள்ளி எடுத்தோம்.

இயந்திரம் வந்தது.
நூறு லிட்டர் பானையில் இப்போது எழுபது.
மீதி முப்பது லிட்டருக்கு அது சும்மா உறுமுகிறது.
முதல் மாதம் நாற்பத்தேழு கப் மூடி வீங்கித் திரும்பி வந்தது.
கன்றுகள் குடித்தன. அவைகளுக்குப் பிடித்திருந்தது.

சோதனைக்குப் புவான் ரொஹாயா வந்தார்,
காலணிக்குமேல் பிளாஸ்டிக் உறை.
எண்ணினார். பத்து.
காகிதத்தில் பதினான்கு இருக்கிறதே?
நாலு இதற்குள்ளே இருக்கிறது புவான் என்று
இயந்திரத்தைக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
வெகுநேரம் எதையோ எழுதினார்,
அடித்தார், மறுபடி எழுதினார்.
பிறகு ஒரு கப் தயிர் சாப்பிட்டார், நின்றபடியே.
புளிப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்.
எங்கள் ஆபீஸ் கூட்டத்துக்கு அறுபது கப் வேண்டும்,
விலைப்புள்ளி அனுப்புங்கள்,
முத்திரையோடு.

என்னிடம் ஏது முத்திரை?
நேற்று சாயங்காலம் டவுனில் செய்யக் கொடுத்தேன்.
கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் ஒரு மாடு வேண்டும்,
புள்ளி ஏழு இருக்கவேண்டும் என்று விரலால் காட்டினேன்.
அவ்வளவு சின்ன ரப்பரில்
மூன்றுக்குமேல் வைத்தால் மை அப்பிவிடும் என்றார் கடைக்காரர்.
எந்த நான்கை விடுவது என்றும் அவரே கேட்டார்.

கறவைக்கு நேரமாகியிருந்தது.
உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு
மோட்டாரை உதைத்தேன்.